மினுக்கிய பித்தளை

சச்சிதானந்தனின் படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி, கரையில் முட்டுக்கொடுத்து நிறுத்தி ஒரு வாரம் ஆகியிருந்தது. அந்த வாரம் முழுவதும் அவர் வீட்டில் படுத்தார். வெள்ளிக்கிழமை காலையில் கிரேன் வந்து படகை மறுபடி கால்வாயில் இறக்கிவிட்டால் அவர் அதிலேயே தங்கப் போய்விடுவார். ஆனால் அதற்கு முன்னால், களிம்பேறிப்போன பழைய கழிவுக் குழல்களையெல்லாம் கழற்றிப் புதியவை பூட்டியாக வேண்டும்.

நகுலேஸ்வரி தான் வேலை செய்யும் தையல் கடையில் வியாழக்கிழமை லீவு கேட்டுக்கொண்டு அதற்காகத்தான் வந்திருந்தாள். நவம்பர் குளிரில், படகின் குளியலறை அலுமாரிக்குள் தலையையும் ஒரு தோளையும் நுழைத்து, பெரிய ஸ்பனர் ஒன்றை இரண்டு கைகளாலும் பிடித்தபடி படுத்திருந்தாள். படகுச் சுவருக்கு அந்தப் பக்கம், சிறிய ஏணி ஒன்றில் அவளுடைய கணவர் சச்சிதானந்தன் நின்றார்.

"பிடிச்சிட்டீரோ?"

"ஓம்."

"விடாதையும். நான் வெளியிலை திருப்புறன்."

குளிக்கும் தண்ணீரும் பாத்திரம் கழுவும் தண்ணீரும் படகுச் சுவரைத் துளைத்து வெளியேறும் இடங்களில் பித்தளைக் குழல்கள் இருந்தன. வெளியே காளான் தலை மாதிரி ஒரு விளிம்பு, உள்ளே அதை இறுக்கிப் பிடிக்கும் ஒரு நட். உள்ளே ஒருவர் நட்டைப் பிடிக்க, வெளியே ஒருவர் குழலுக்குள் இரும்பை விட்டுத் திருப்ப வேண்டும். தனி ஆளால் ஏலாத வேலை. அவளுக்கு மணிக்கட்டு நொந்தது. என்றாலும் அவர் "கொஞ்சம் ஆறுவமோ?" என்று கேட்டபோதெல்லாம் "வேண்டாம், முடிச்சிட்டு ஆறுவம்" என்றே சொன்னாள்.

இந்த வேலை முடியவேண்டுமென்று அவரைவிட அவளுக்குத்தான் அவசரம். காரணத்தை அவள் யாருக்கும் சொன்னதில்லை. தனக்கே கூட இந்த வாரத்தில்தான் அதைச் சொல்லிக்கொண்டாள். அவர் வீட்டில் இல்லாதது அவளுக்குப் பிடித்திருந்தது.

அந்த வருடம் சித்திரை முழுவதும் அவர், வன்னியில் நடந்த போரை நிறுத்தச் சொல்லி, லண்டன் பாராளுமன்றத்துக்கு முன்னாலிருந்த சதுக்கத்தில் போய் நின்றார். எல்லோரும்தான் நின்றார்கள். அவளும் சில நாட்கள் நின்றாள். மே மாதத்தில் அங்கே எல்லாம் முடிந்த பிறகு அவர் எங்கேயும் போகவில்லை, எதைப் பற்றியும் கதைக்கவுமில்லை. பொயிலர் திருத்தும் வேலைக்குத் தன்னுடைய வான் வண்டியில் போவார், வருவார், சாப்பிடுவார். ஜூனில் ஒருநாள், படகொன்று வாங்கியிருப்பதாகச் சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி சொன்னார். லண்டனுக்கு வருவதற்கு முன் பல வருடங்கள் ஹொலண்டில் இருந்த குடும்பம் அவர்களுடையது. தண்ணீரில் ஆட்கள் குடியிருப்பதை அங்கே பார்த்ததுண்டு. அந்த ஆசையாக்கும் என்று அவள் நினைத்தாள். படகு பழையது. எசெக்ஸில் கடல் உள்ளே வரும் ஒரு கழிமுகத்தில் வருடக்கணக்காகக் கிடந்துவிட்டு அக்ஸ்பிரிட்ஜ் கால்வாய்க்கு வந்தது. "வேலை கனக்கக் கிடக்கு. முடியிற மட்டும் அங்கையே படுக்கிறன்" என்றார். அவள் தலையணை உறையை மாற்றிக் கொடுத்தாள்.

சண்டை எதுவும் இல்லை. சண்டை இருந்திருந்தால், அவர்கள் குடியிருந்த ரெய்னர்ஸ் லேன் சனத்துக்குச் சொல்ல ஏதாவது இருந்திருக்கும். மனுசன் மே மாதத்தோடு ஒரு மாதிரிப் போய்விட்டாராம், தண்ணீரிலே போய்ப் படுக்கிறாராம், பாவம் நகுலா. கோவில் பழக்கமான பாலாம்பிகை அக்கா கிழமைக்கு ஒருமுறை போன் எடுத்து, "சாப்பிட்டியோ பிள்ளை? தனியக் கிடந்து யோசியாதை" என்பாள். கோவிலில் மோதகத்தை அவளுடைய கைக்குள் வைத்து அழுத்துவாள். நகுலேஸ்வரி முகத்தைச் சற்றுத் தாழ்த்தி வாங்கிக்கொள்வாள். புருஷன் விட்டுப்போன பெண்சாதிக்கு என்று ஒரு முகம் இருக்கிறது. அதை எப்படி வைத்துக்கொள்வது என்று எல்லாருக்கும் தெரியும். புருஷன் இல்லாத வீட்டில் நன்றாக இருக்கும் பெண்சாதிக்கு முகம் எதுவும் இல்லை.

அவள் நன்றாக இருந்தாள். மகள் சாருஜா லீட்ஸில் படிக்கிறாள். வேலையால் வந்து கதவைத் திறந்தால், காலையில் எப்படி விட்டுப் போனாளோ அப்படியே வீடு இருந்தது. பாணும் சம்பலும் நின்றபடியே சாப்பிட்டாள். கட்டிலின் நடுவில் படுத்தாள். சில மாலைகளில் வெளிச்சம் போடாமல் குசினியில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன யோசித்தாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. யாரும் கேட்காமல் இருந்ததுதான் விஷயம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குச் சோறும் கறியும் கட்டிக்கொண்டு படகுக்குப் போவாள். அதுவும் பிடித்திருந்தது. விருந்தாளி மாதிரிப் போய்விட்டுத் திரும்பி வருவது.

இந்த ஒரு வாரம் அவர் வீட்டில் இருந்தார். காலையில் தொண்டையைச் செருமினார். தொலைக்காட்சியைப் போட்டுவிட்டுப் பார்க்காமல் இருந்தார். அவள் எழும்பினால் "எங்கை போறீர்?" என்றார். அவர் ஒரு பிழையும் செய்யவில்லை. பிழை என்று ஒன்றைச் சொல்ல முடிந்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ இலேசாக இருந்திருக்கும்.

"வருது, வருது" என்றார் வெளியிலிருந்து. ஒரு கிறீச்சொலியோடு நட் இளகியது. அதிலிருந்து கொட்டிய பச்சைத் தூள் அவளுடைய கண்ணிமையில் விழுந்தது.

பதினொரு மணியளவில் அருட்பிரகாசம் வந்தான். ஹொலண்டில் இருந்த காலத்திலிருந்தே பழக்கம். இப்போது அப்டன் பார்க்கில் சாமான் கடை வைத்திருக்கிறான். புதிய பிளாஸ்டிக் குழல்களை அவன்தான் வாங்கிக்கொண்டு வந்தான்.

"என்ன அண்ணை, கப்பல் இன்னும் தரையிலேயோ நிக்குது? ஈஸ்ட் ஹாமிலை ஆக்கள் கேக்கினம், கனடாவுக்கு எப்ப வெளிக்கிடுது எண்டு."

"உன்னை ஏத்தமாட்டன். பாரம் தாங்காது."

"நான் நீந்தி வாறன். அக்காவை ஏத்துங்கோ." அவன் படகுக்குள் எட்டிப் பார்த்தான். "அக்கா, உங்கடை தலையிலை என்ன, பச்சைச் சுண்ணாம்போ? என்ரை மனுசி எண்டால் இந்நேரம் என்னைத்தான் கிரேனிலை தூக்கி இருப்பாள். உங்களை மாதிரி ஒரு ஆளுக்கு அண்ணை கோவில் கட்ட வேணும்."

"முதல்லை குழலைப் பூட்டட்டும்" என்றாள் அவள்.

சச்சிதானந்தன் சிரித்தார். அவள் லீவு போட்டு வந்து உதவுவதை அவர் ஒருவித நன்றியோடு ஏற்றுக்கொண்டிருந்தார். காலையில் அவளுக்குத் தன்னுடைய தடித்த கையுறைகளைத் தந்தார். அதை நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தில் இன்னும் வேகமாக வேலை செய்தாள்.

கைகழுவும் தொட்டியின் குழல் லேசில் வரவில்லை. நட்டும் குழலும் ஒன்றாய்ப் பிடித்துப்போய், திருப்பத் திருப்ப முழுவதும் சேர்ந்து சுழன்றது. கடைசியில் அவர் கிரைண்டரால் வெளி விளிம்பைச் சீவி எறிந்து, மிச்சத்தைச் சுத்தியலால் உள்ளே தட்டினார். அது அவளுடைய மடியில் வந்து விழுந்தது. கழற்றியவற்றையெல்லாம் அருட்பிரகாசம் ஒரு வாளிக்குள் போட்டான். பச்சையும் வெள்ளையுமாய்ப் பொருக்குத் தட்டி, பிராணிகளின் பல் போல இருந்தன.

ஒவ்வொரு குழலையும் கழற்றுவதற்கு முன், அது எவ்வளவு கெட்டியாய் இருக்கிறது என்று அறிய, சச்சிதானந்தன் ஸ்பனரால் தட்டி அதன் சத்தத்தைக் கேட்டார். ஒன்றை மட்டும் தட்டவில்லை. குசினி சிங்கின் குழல். அது செம்பு நிறத்தில் இளஞ்சிவப்பாய் மினுங்கியது. ஆடியிலிருந்து ஞாயிறு தோறும் வரும்போதெல்லாம் நகுலேஸ்வரி சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவியபின், கையில் மிஞ்சிய பழப்புளியோடு உப்பும் சேர்த்து, அலுமாரிக்குள் குனிந்து அதை உரஞ்சுவாள். வெள்ளிக்கிழமைகளில் விளக்குத் தேய்த்த கை. பித்தளையைக் கண்டால் சும்மா இருக்காது. மற்றக் குழல்கள் கை எட்டாத மூலைகளில் இருந்ததால் தப்பிவிட்டன.

"இது வேண்டாம்" என்றார் அவர். "இது நல்லாக் கிடக்கு. நீர் மினுக்கினது."

"அக்கா மிச்சத்தையும் மினுக்கியிருந்தால் எனக்கு இண்டைக்கு இவ்வளவு தூரம் ஓட்டம் மிச்சம்" என்றான் அருட்பிரகாசம்.

மதியத்துக்குப் பிறகு புதிய குழல்கள் பசையோடு பூட்டப்பட்டுவிட்டன. கிரேன் எத்தனை மணிக்கு என்று படகுப் பட்டறைக்காரரிடம் கேட்கவும் தேத்தண்ணீர் குடிக்கவுமாக ஆண்கள் இருவரும் போனார்கள். அவள் படகுக்குள் கிடந்த தூளையும் வெட்டிய ரப்பர்க் குழாய்த் துண்டுகளையும் கூட்டினாள். நாளை இந்நேரம் வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். அந்த எண்ணம் சுடுதண்ணீரில் கால் வைத்த மாதிரி உடம்பில் ஏறியது.

கடைசியாகச் சிங்கின் அலுமாரியைத் துடைத்தாள். துணி அந்தக் குழலில் பட்ட இடத்தில் ஒரு சிறிய சொரசொரப்பு. பழக்கத்தில் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினாள். ஒரு துண்டு கழன்று வந்தது. தேத்தண்ணீரில் தோய்த்த பிஸ்கட் போல, சத்தமே இல்லாமல். உள்ளேயும் அதே இளஞ்சிவப்பு. மறுபடி நகத்தை வைத்தாள். மறுபடி உதிர்ந்தது.

அவள் முழங்காலில் அப்படியே இருந்தாள். தண்ணீர்த் தாங்கியை நிரப்பி, சாமான்களும் ஆளும் ஏறினால் இந்தக் குழல் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் கீழே போய்விடும் என்று அவர்தான் ஒருநாள் சொல்லியிருந்தார். அங்கே அது உடைந்தால் கால்வாய்த் தண்ணீர் படகுக்குள் ஏறும். கிரேன் நாளைக்கு வந்து போனால் இனி ஜனவரியில்தான் வரும். இதைச் சொன்னால் படகு நாளைக்கு இறங்காது. இறங்காவிட்டால் அவர் எங்கே படுப்பார் என்பதில் கேள்வியே இல்லை.

அவர் சாகவேண்டுமென்று அவள் நினைக்கவில்லை. அப்படி ஒன்று கிடக்கிறதா என்று உள்ளே தேடியும் பார்த்தாள். இல்லை. இருந்தது அதைவிடச் சின்னதொன்று. இத்தனை வருடம் நின்றது இன்னும் இரண்டு மாதம் நிற்காதா? அவர் கெட்டிக்காரர், அவரே கண்டுபிடிக்கமாட்டாரா? நான் என்ன பிளம்பரா? நகம் பட்டது, ஒரு துகள் விழுந்தது, அவ்வளவுதானே. இந்த நியாயங்கள் எவ்வளவு சுறுசுறுப்பாக ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன என்று அவள் கவனித்தாள். வேறு யாருடைய மனதையோ பார்ப்பது போலிருந்தது. உதிர்ந்த துண்டுகளைத் துணிக்குள் கூட்டி எடுத்தாள். அலுமாரிக் கதவைச் சாத்தினாள்.

அவர்கள் திரும்பி வந்தார்கள். அவளுக்கும் ஒரு காகிதக் கோப்பையில் தேத்தண்ணீர் வந்தது.

"எல்லாம் முடிஞ்சுதோ?" என்றார் சச்சிதானந்தன்.

"ஓம், முடிஞ்சுது."

"விடிய எட்டு மணிக்குக் கிரேன். நீர் வரத் தேவையில்லை, இவன் வருவான்."

"நான் ஓமெண்டு சொல்லவே இல்லையே" என்றான் அருட்பிரகாசம். "சரி, ஒரு தேத்தண்ணியைத் தந்து ஆளை வாங்கிப்போட்டியள்."

சச்சிதானந்தன் ஸ்பனர்களைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். பிறகு கட்டிலின் பலகையில் உட்கார்ந்து, காலைத் தூக்கிச் சப்பாத்தின் தூசியைத் தட்டினார். "நாளைக்கு ராத்திரி நல்ல குளிராம். வீட்டிலை அந்தத் தடிச்ச போர்வை இருக்கெல்லே, அதை எடுத்துத் தாரும். தலைமாட்டுப் பக்கத்தாலை காத்து வருது."

அவள் தலைமாட்டைப் பார்த்தாள். அவர் தலையணை வைக்கும் இடத்துக்கும் சிங்க் அலுமாரிக்கும் நடுவே ஒரு மெல்லிய பலகை மட்டும்தான் இருந்தது. ஐந்து மாதமாய் வந்து போகிறாள், அதைக் கவனிக்கவில்லை. தேத்தண்ணீரை ஒரு மிடறு குடித்தாள். அது அப்போதே ஆறிப்போயிருந்தது.

"இஞ்சேருங்கோ" என்றாள். "அந்தச் சிங்க் குழலை ஒருக்காத் தட்டிப் பாருங்கோ."

"ஏன்? அது நல்லாத்தானே கிடக்கு."

"நகம் பட்டது. உதிருது."

அவர் எழும்பி வந்து குனிந்தார். ஸ்பனரால் தட்டினார். மண் சட்டியைத் தட்டியது போல ஒரு சத்தம். இரண்டாவது தரம் தட்டியபோது குழலின் பாதி உடைந்து அவருடைய உள்ளங்கையில் விழுந்தது. நட்டை விரலால் தொட்டார். அதுவும் பிளந்தது.

அருட்பிரகாசம் எட்டிப் பார்த்தான். "அக்கா புளி விட்டுக் கறி வைச்சிட்டா போலை" என்றான். யாரும் சிரிக்காததால் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கினான்.

"பித்தளையிலை இருக்கிற துத்தநாகம் எல்லாம் கரைஞ்சு போச்சு" என்றார் சச்சிதானந்தன். "நிக்கிறது வெறும் செம்பு. ஓட்டை ஓட்டையாய், அரிதட்டு மாதிரி."

"புளியாலையோ?"

"இல்லை. புளி மேலாலை மினுக்கினது மட்டும்தான். இது உப்புத் தண்ணியிலை கன வருசம் கிடந்து போனது. நிறத்தைப் பாத்தே நான் விளங்கியிருக்க வேணும். மற்றதெல்லாத்தையும் தட்டினன், இதைத் தட்டேல்லை." துண்டை விரல்களுக்கிடையில் நசித்தார். "நீர் எப்ப பாத்தனீர்?"

"நீங்கள் தேத்தண்ணிக்குப் போன நேரம்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "முடிஞ்சுது" என்று அவள் சொன்னது அதற்குப் பிறகு. அவர் அதைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது அவளுக்குத் தெரிந்தது. அவர் மறுபடி குனிந்து, மிச்சக் குழலைக் கழற்ற ஆரம்பித்தார். இரும்பும் தேவைப்படவில்லை, ஆளும் தேவைப்படவில்லை. கையாலேயே வந்துவிட்டது. அதோடு துளையைச் சுற்றியிருந்த படகுச் சுவரும் நனைந்த அட்டை போலப் படை படையாய்ப் பிரிந்தது. அதைச் சீவி, பிசின் பூசி, காயவிட்டு, மறுபடி பூச வேண்டும். இந்தக் குளிரில் கிழமைக்கணக்காகும்.

அவர் போய்ப் பட்டறைக்காரரிடம் கிரேன் வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தார். அருட்பிரகாசம் தன்னுடைய வானை எடுத்தான். "அக்கா, நட்டமில்லை. மனுசன் பொங்கல் மட்டுக்கும் வீட்டிலை நிப்பார். பாலாம்பிகை அக்கா கேட்டால் தேங்காய் உடைப்பா" என்று ஜன்னலால் சொல்லிவிட்டுப் போனான்.

அவர்களுடைய வான் ரைஸ்லிப் வரைக்கும் வாகன நெரிசலில் ஊர்ந்தது. பள்ளிக்கூடம் விட்ட நேரம். அவர் ஹீற்றரைக் கூட்டி, காற்று அவளுடைய பக்கம் வரும்படி திருப்பிவிட்டார். அவள் கையுறைகளைக் கழற்றி மடியில் வைத்தாள். சொல்வதானால் வீட்டுக் கதவு திறப்பதற்கு முன் சொல்லவேண்டும். உள்ளே போனால் அவர் தன்னுடைய கொக்கியில் ஜக்கெற்றை மாட்டுவார், எல்லாம் இருந்தபடியே இருந்துவிடும்.

"நீங்கள் சாருஜாவின்ரை அறையிலை படுங்கோ" என்றாள்.

"ஏன், குறட்டை விடுறனோ?"

அவர் வேண்டுமென்றே, தப்பிப்போக ஒரு கதவைத் திறந்து பிடித்தது போலிருந்தது. ஓமென்று சொன்னால் போதும், அதற்குள்ளால் இரண்டுபேருமே போய்விடலாம்.

"இல்லை. நீங்கள் ஒரு பிழையும் செய்யேல்லை. நான் தனிய இருந்து பழகியிட்டன். எனக்கு அது பிடிச்சிருக்கு."

முன்னால் பேருந்து நின்றது. ஒரு தாய் தள்ளுவண்டியோடு இறங்கும்வரை அவர் காத்திருந்தார்.

"அதாலைதான் 'முடிஞ்சுது' எண்டு சொன்னனீரோ?"

"ஓம்."

"பேந்து ஏன் குழலைப் பற்றிச் சொன்னனீர்?"

"நீங்கள் தலை வைக்கிற பக்கம் அது."

அவர் தலையை ஆட்டினார். கோபமா, ஆமோதிப்பா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அவளுடைய நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் அது பயத்தில் அல்ல, படிகளில் வேகமாக ஏறி வந்தால் அடிக்குமே, அப்படி. இவ்வளவு வருடத்தில் அவள் அவருக்குச் சொன்னவற்றில் இதுதான் முழுக்க அவளுடையது என்று தோன்றியது. அது அவருக்கு வலிக்கும் ஒன்றாக இருந்ததற்கு அவளால் எதுவும் செய்ய முடியாது.

ஈஸ்ட்கோட் தாண்டியபின் அவர் கேட்டார். "நத்தார் லீவுக்குப் பிள்ளை வந்தால்?"

"அவள் என்னோடை படுக்கட்டும்."

"அவளுக்கு என்ன சொல்லுறது?"

"நான் சொல்லுறன்."

அடுத்த திருப்பத்தில், "அந்த அறையிலை ஹீற்றர் மேல் பாதி சூடாகிறேல்லை எண்டு போன வருசமே சொன்னவள்" என்றார்.

"ஓம், சொன்னவள்."

வீட்டுக்கு வந்ததும் அவர் ஜக்கெற்றைக் கழற்றாமல், வானிலிருந்து, ஹீற்றரின் காற்றைத் திறந்துவிடும் சாவி போன்ற ஒரு சின்னத் திறப்பை எடுத்துக்கொண்டு நேரே மேலே போனார். அவள் குசினியில் அரிசியைக் கழுவினாள். மேலே ஹீற்றருக்குள் அடைபட்டிருந்த காற்று சீறிக்கொண்டு வெளியேறும் சத்தம் கேட்டது.

"துணி ஒண்டு தாரும்" என்று கூப்பிட்டார். "தண்ணி சிந்துது."

அவள் துணியைக் கொண்டுபோனாள். அவர் ஹீற்றருக்கு முன்னால் குந்தியிருந்தார், திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினார். அவள் கொடுத்துவிட்டு, கட்டிலில் மகளுடைய துணிகள் கிடந்த குவியலை எடுத்துக் கதிரையில் வைத்தாள். பிறகு சுத்தமான விரிப்பு ஒன்று எடுத்துவரப் போனாள்.